திருப்தியா என்று எங்கே கேட்பது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அரசு மருத்துவமனைகளின் புறநோயாளிகள் பிரிவில் நோயாளிகளுக்குத் திருப்தி உண்டா என்று அவ்வப்போது கேட்டு எழுதிக்கொள்கிறார்கள். அப்படிக் கேட்கும் இடமும் விதமும் குறித்தே இக்கடிதம்.

பல ஆண்டுகளாக நீரிழிவுக்கும் ரத்த அழுத்தத்துக்கும் அரசு மருத்துவமனையில் மாத்திரை வாங்கிவருபவன் நான். 2020 மார்ச் இறுதியில் கொரோனா ஊரடங்கு வந்ததும், ஓ.பி. சீட்டு கொடுக்கும் ஜன்னலின் முன் சுண்ணாம்புப் பொடியால் வட்டங்கள் போட்டார்கள். வெயில் ஏறியதும் வட்டத்தில் செருப்பை விட்டுவிட்டு வேப்பமர நிழலுக்கு ஒதுங்குவோம். உள்ளே மருத்துவர் ஆறடி தள்ளி அமர்ந்து, பழைய நோட்டைப் பார்த்து, அதே மாத்திரைகளை எழுதினார். ரத்த அழுத்தம் பார்க்கவில்லை, சர்க்கரைப் பரிசோதனையும் இல்லை. அதற்காக அவரைக் குறை சொல்ல மாட்டேன், பயம் அவருக்கும் இருந்திருக்கும். ஆனால் ஒரே தடவையில் இரண்டு மாத மாத்திரை கிடைத்தது. பேருந்து ஓடாத நாளில் அது பேருதவி.

வெளியே வரும்போது ஊழியர் ஒருவர், "எல்லாம் திருப்திதானே?" என்றார். மாத்திரைப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு, மறுபடியும் அதே ஜன்னலுக்கு வந்து நிற்க வேண்டியவன் வேறென்ன சொல்வான்? ஆமாம் என்றேன். ஆனால் வண்டி வசதி இல்லாமல், இருந்த மாத்திரைகளைப் பாதியாக உடைத்து நாளை ஓட்டிய பக்கத்து வீட்டு அம்மாவை யாரும் கேட்கவில்லை.

அந்த ஏப்ரலில் மத்திய சுகாதார அமைச்சகம் தொடங்கிய, வீட்டிலிருந்தே இணையம் வழியாக மருத்துவரிடம் பேசும் இ-சஞ்சீவனி ஓ.பி.டி. தொலைமருத்துவச் சேவையும் அவருக்கு எட்டவில்லை. அவரிடம் இருந்தது பட்டன் போன். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம்தான் பின்னர் அவர் வீட்டு வாசலுக்கு மாத்திரையைக் கொண்டுவந்தது. கருத்துக் கேட்பும் அப்படி வீடு தேடி வரலாம். மாத்திரை தருபவரே கேட்காமல் வேறொருவர் வந்து, திருப்தியா என்பதை விட்டுவிட்டு, எத்தனை மணி நேரம் நின்றீர்கள், ரத்த அழுத்தம் பார்த்தார்களா, எந்த மாத்திரை இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள் என்று கேட்டால் உண்மை வெளிவரும்.

நான் செல்லும் மருத்துவமனையில் இரண்டு மாத மாத்திரை இப்போது மீண்டும் ஒரு மாதமாகச் சுருங்கிவிட்டது. அதை மாற்றும் முன் எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
விழுப்புரம் மாவட்டம்.