ரீ: ரீ: ரீ: மின்விசிறி பழுது

அன்புள்ள விஜி,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. உறையின் மேல் வலதுபக்கம் சாய்ந்த உன் கையெழுத்தைப் பார்த்ததுமே அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். இவருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சொட்டு மருந்து மட்டும் இன்னும் இரண்டு வாரம் விட வேண்டும். பெரியவள் பெங்களூரிலிருந்து வந்து பத்து நாள் இருந்து பார்த்துக்கொண்டாள். வீட்டுச் செய்தி அவ்வளவுதான். மீதியெல்லாம் உன் கதையைப் பற்றித்தான்.

நம் ஆபீஸ் மாதிரி ஓர் ஆபீஸை வைத்து, முழுக்க மெயில்களாலேயே ஒரு நகைச்சுவைக் கதை எழுதத் தொடங்கியிருக்கிறேன் என்று நீ எழுதியதைப் படித்து எனக்கு எத்தனை சந்தோஷம் தெரியுமா! மெயிலுக்கும் மெயிலுக்கும் நடுவே நீயே வந்து நடந்ததைச் சொல்ல வேண்டுமா, வேண்டாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம் விஜி. ஒரு வரிகூட வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

பெரியவள் வந்தபோது எனக்காக இந்த மாதிரிப் புத்தகங்கள் சிலவற்றைக் கொண்டுவந்தாள். ஒன்று மாட் பியூமான்ட் என்பவர் 2000இல் எழுதிய நாவல். அதன் பெயரே வெறும் 'இ' என்ற ஒற்றை ஆங்கில எழுத்துதான். லண்டனில் ஒரு விளம்பர நிறுவனம், கோக கோலாவின் விளம்பர வேலையைப் பிடிக்க எல்லாரும் ஓடுகிறார்கள். கதை அவ்வளவுதான், அத்தனையும் மெயில். அதில் மேலதிகாரியின் மெயில்கள் ஏதோ கம்ப்யூட்டர் கோளாறினால் ஹெல்சிங்கி கிளைக்கும் போய்விடுகின்றன. அங்கே இருக்கும் மனிதர் அதையெல்லாம் படித்துவிட்டு அன்பாகப் பதில் எழுதுகிறார். மேலதிகாரிக்கோ எரிச்சல் ஏறிக்கொண்டே போகிறது. எழுதியவர் முன்பு விளம்பரத் துறையிலேயே வேலை பார்த்தவர். அதனால்தான் ஒவ்வொரு மெயிலிலும் ஆள் தெரிகிறான். இவன் கோபக்காரன், அவள் புத்திசாலி என்று யாரும் நமக்கு எடுத்துச் சொல்வதில்லை. யாருக்கு எப்படி எழுதுகிறான் என்பதிலேயே எல்லாம் வந்துவிடுகிறது.

இன்னொன்று லூசி கெல்லவே எழுதியது, 2005இல் வந்தது. மார்ட்டின் லூக்ஸ் என்று ஒரு கற்பனை அதிகாரியை அவர் முதலில் ஃபைனான்ஷியல் டைம்ஸ் பத்திரிகையில் வாரப் பத்தியாக எழுதிவந்தார், பிறகு புத்தகமானது. அந்த ஆள் பேசுவதெல்லாம் மேனேஜ்மென்ட் பயிற்சி வகுப்பு மொழி. முன்னேறுவதற்குப் பணம் கொடுத்து ஒரு பயிற்சியாளரை வைத்துக்கொண்டு, அவருக்கும் மெயில் எழுதிக்கொண்டே இருப்பான். கெல்லவே பிறகு பத்திரிகை வேலையை விட்டுப் பள்ளி ஆசிரியையாகப் போய்விட்டார் என்று பெரியவள் சொன்னாள். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. அவ்வளவு காலம் வெற்று வார்த்தைகளைக் கவனித்துக் கேட்ட ஒருவருக்கு, பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பது எத்தனை நிம்மதியாக இருந்திருக்கும்!

ஒருவர் எழுதியதைப் படித்து இன்னொருவரின் கதையை நாமே சேர்த்துப் பார்ப்பது புதிய வழியில்லை. ஸ்மாலெட் என்ற ஸ்காட்லாந்து எழுத்தாளர் 1771இலேயே கடிதங்களால் ஒரு நகைச்சுவை நாவல் எழுதியிருக்கிறார். குடும்பமாக ஊர் ஊராகப் போகிறார்கள். சகோதரியின் மகள் சொர்க்கம் என்று எழுதும் இடத்தை, தாய்மாமன் இரைச்சலும் நாற்றமும் என்று எழுதுகிறார். கூடப் போகும் வேலைக்காரப் பெண்ணின் கடிதத்தில் எழுத்துப்பிழையே தனிக் கதை. தமிழிலும் மறைமலையடிகள் 1921இல் 'கோகிலாம்பாள் கடிதங்கள்' எழுதினாரே, அது நகைச்சுவை இல்லை என்றாலும் வடிவம் இதுதான்.

உனக்கென்றே ஒன்று வைத்திருக்கிறேன். உன் அப்பா தந்தி ஆபீஸில் இருந்தவர் இல்லையா, அதனால் இது உனக்குப் பிடிக்கும். எல்லா சீவர் தேயர் என்ற அமெரிக்கப் பெண், அவரே தந்தி அடிக்கும் வேலை பார்த்தவர், 1879இல் ஒரு நாவல் எழுதினார். தந்தி ஆபீஸில் இருக்கும் ஒரு பெண்ணிடம், வேறோர் ஊர் ஆபீஸிலிருந்து 'சி' என்று மட்டும் சொல்லிக்கொள்ளும் ஒருவர் கம்பி வழியே பேசுகிறார். ஆணா பெண்ணா என்றுகூட முதலில் தெரியாது. வேலை இல்லாத நேரமெல்லாம் தந்திக் கருவியின் 'கட்டு', 'கடா' ஒலியிலேயே அரட்டை, சிரிப்பு, மெல்ல மெல்ல ஒரு பிரியம். நடுவில் வேறொருவன் வந்து நான்தான் சி என்று நின்று அவள் மனதை உடைத்துவிடுகிறான். கிட்டத்தட்ட நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய கதை, ஆனால் இன்றைக்கு நடக்கிற மாதிரியே இருக்கிறது. நம் ஊரில் தந்தியை 2013 ஜூலையில் நிறுத்தியபோது உன் அப்பா இல்லை. இருந்திருந்தால் இதைப் படித்துக்காட்டியிருக்கலாம்.

சரி, உன் கதைக்கு வருகிறேன். நீ அனுப்பிய மூன்று பக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த சப்ஜெக்ட் வரி. 'ரீ: ரீ: ரீ: மின்விசிறி பழுது' என்ற தலைப்பிலேயே ஒருத்தி கல்யாணத்துக்கு அழைக்கிறாள், ஒருவர் ஓய்வுபெறுகிறார், கடைசியில் ஒரு குழந்தைக்குப் பெயர் வைக்கிறார்கள். தலைப்பை மாற்ற யாருக்கும் தோன்றவே இல்லை. நம் ஆபீஸில் நிஜமாகவே அப்படித்தானே நடக்கும்! மின்விசிறி கடைசி வரை ஓடக் கூடாது, விஜி. தயவுசெய்து ரிப்பேர் செய்துவிடாதே.

மெயிலில் சிசி என்று போடுகிறோமே, அதை நீ இன்னும் நன்றாகப் பயன்படுத்தலாம். அது நம் கார்பன் காப்பிதான். நீலமை விரலில் ஒட்ட, நான்கு தாளுக்கு நடுவே மூன்று கார்பன் வைத்து, நான்காவது தாளிலும் எழுத்து விழ வேண்டும் என்று ஓங்கி ஓங்கித் தட்டினோமே, அந்தச் சொல்தான் இன்றைக்கும் மெயிலில் உட்கார்ந்திருக்கிறது. நம் காலத்தில் கடிதத்தின் அடியில் 'நகல்' என்று போட்டு யார் பெயரை எழுதுகிறார்கள் என்று பார்த்தாலே யாருக்கு யார் மேல் மனத்தாங்கல் என்று நமக்குத் தெரிந்துவிடும். மெயிலிலும் அதேதான். முதல் மெயிலில் நகல் யாருக்கும் இல்லை. இரண்டாவதில் சூப்பர்வைசருக்கு. மூன்றாவதில் மண்டல மேலாளருக்கு. மெயிலில் உள்ள வாசகமோ மூன்று முறையும் 'கனிவுடன் நினைவூட்டுகிறேன்'தான். கோபத்தைப் பற்றி நீ ஒரு வார்த்தையும் எழுத வேண்டாம், பெயர்கள் கூடிக்கொண்டே போனால் போதும். நேரத்தையும் அப்படியே விட்டுவிடு. இரவு பதினொன்றே முக்காலுக்கு ஒருவர் ஸ்டேஷனரி கணக்கு கேட்டு எழுதினால், அவருக்கு வீட்டில் என்ன நிலைமை என்று படிக்கிறவர்கள் யோசிப்பார்கள்.

ஒரு இடத்தில் மட்டும் எனக்குச் சம்மதமில்லை. உன் மேனேஜர் எல்லாவற்றையும் ஆங்கிலப் பெரிய எழுத்திலேயே அடிக்கிறார், எல்லாரும் அவரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். நம் பழைய மேனேஜரும் அப்படித்தான் அடிப்பார், நினைவிருக்கிறதா? புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் அவர் கத்துகிறார் என்று நினைத்துப் பயந்தார்கள். அவர் இருபது வருடம், தூர ஊருக்குச் செய்தி அடித்தனுப்பும் டெலிபிரிண்டரில் உட்கார்ந்தவர். அதில் பெரிய எழுத்து மட்டும்தான். அவர் கை அதற்குப் பழகியிருந்தது. இதை யாராவது ஒரு பெண் ஒரே ஒரு மெயிலில் இன்னொருத்திக்குச் சொல்லட்டும். அதற்குப் பிறகும் சிரிப்பு வரும், ஆனால் அந்தச் சிரிப்பில் அவர் மேல் ஒரு பாசமும் இருக்கும்.

அப்புறம், சரோஜாவின் லீவ் மெயிலை நீ விட்டுவிட்டாயே! அதுதான் கதையின் நடுவே இருக்க வேண்டியது. அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம், இரண்டு நாள் லீவ் வேண்டும் என்று அவள் சூப்பர்வைசருக்கு எழுதியது, தவறிப்போய் எல்லாக் கிளைகளுக்கும் போனது. முந்நூறு பேர். முதலில் இரண்டு பேர் 'எனக்கு ஏன் வந்தது' என்று எல்லாருக்கும் கேட்டார்கள். இன்னொருவர் 'எல்லாருக்கும் பதில் போடாதீர்கள்' என்று எல்லாருக்கும் பதில் போட்டார். அதற்குள் யாரோ எந்த ஆஸ்பத்திரி என்று கேட்க, நாகர்கோவில் கிளையிலிருந்து முகம் தெரியாத ஒருவர் தன் ரத்த வகையை எழுதி, தேவையென்றால் இரவு பஸ்ஸிலேயே வருகிறேன் என்றார். அதன் பிறகு வரிசையாக ரத்த வகைகள்தான் வந்தன. சாயங்காலம் சரோஜா எழுதினாள்: 'அம்மாவுக்கு வாயுத் தொல்லைதான். நாளை வந்துவிடுகிறேன். அனைவருக்கும் நன்றி.' நாம் எல்லாரும் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டோம்.

இங்கிலாந்தின் பொது மருத்துவத் துறையில் 2016 நவம்பரில் இப்படித்தான், சோதனைக்கு அனுப்பிய ஒரு மெயில் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் போய், ஆளாளுக்கு எல்லாருக்கும் பதில் போட்டு, மெயிலே அன்றைக்குத் திணறிவிட்டது. நம்முடையது முந்நூறுதான். ஆனாலும் அந்தச் சாயங்காலத்தை நீதான் எழுத முடியும். நீ அப்போது சரோஜாவுக்குப் பக்கத்து சீட்டில் இருந்தாய்.

கேன்டீன் மணி அண்ணன் உன் கதையில் வருகிறாரா? அவருக்கு மெயிலே கிடையாது. ஆனால் அவர் இல்லாமல் அந்த ஆபீஸ் இல்லை. அதைத்தான் நேற்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். மற்றவர்களின் மெயில்களில் மட்டும் அவர் வரட்டும். 'மணி அண்ணன் இன்றைக்கு வடை போடவில்லை, என்ன விஷயம்?' என்று ஒன்று. 'அண்ணன் மகளுக்கு சீட் கிடைத்துவிட்டதாம்' என்று மறுநாள் ஒன்று. இது சரிவருமா பார். அடுத்த பக்கங்களை முடித்ததும் அனுப்பு, பேனாவால் எழுதியே அனுப்பு.

அன்புடன்,
உன் மீனா