நாளைய புகை இன்றைக்கே தெரிகிறது

எட்மண்டன்,
ஜூலை

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். "காடு எங்கேயோ எரிகிறது. நாளைக்கு உங்கள் ஊருக்குப் புகை வரும் என்று இன்றைக்கே எப்படிச் சொல்கிறார்கள்?" என்று போனில் கேட்டீர்கள். நின்று நிதானமாகச் சொல்ல வேண்டிய விஷயம், அதனால் எழுதுகிறேன்.

கோடை வந்தால் இங்கே மழை வருமா என்று பார்ப்பதுபோல் புகை வருமா என்றும் பார்க்கிறோம். 2023-ல் கனடாவில் சுமார் 1.5 கோடி ஹெக்டேர் எரிந்தது. அந்த ஜூனில் கியூபெக் மாகாணத்துக் காட்டுப் புகையால் நியூயார்க் வானமே ஆரஞ்சாகிப் போனது. மாதக் கடைசியில் புகை அட்லாண்டிக்கைத் தாண்டி ஐரோப்பாவையும் தொட்டது.

இதையெல்லாம் பின்தொடர்வது செயற்கைக்கோள்கள்தான். 'கோஸ்' என்ற அமெரிக்க வானிலைச் செயற்கைக்கோள்கள் சுமார் 36,000 கி.மீ. உயரத்தில் பூமியோடு சேர்ந்தே சுற்றுவதால், ஒரே பக்கத்தைப் பார்த்தபடி 10 நிமிடத்துக்கு ஒரு படமாவது அனுப்பும். படங்களை வரிசையாக ஓட்டினால் புகை எந்தப் பக்கம் நகர்கிறது என்று தெரிந்துவிடும்; நாளைக்கு எங்கே வரும் என்பதையும் அதை வைத்துக் கணிக்கலாம். துருவங்களின் மேலாகப் பூமியைச் சுற்றி வரும் சுவோமி என்பிபி, நோவா-20 போன்ற செயற்கைக்கோள்கள் தாழப் பறப்பதால் இன்னும் நுணுக்கமாகக் காட்டும்.

படத்தைப் பார்த்துப் பழகிவிட்டால் கண்ணே பிரித்துவிடும், அப்பா. மேகம் பளிச்சென்று வெள்ளையாக, ஓரம் தெளிவாக இருக்கும். புகை சாம்பலும் பழுப்புமாக மெழுகினாற்போல் பரவியிருக்கும். மெல்லிய இடத்தில் அடியில் உள்ள ஏரிகூடத் தெரியும். புகை கிளம்பும் இடத்தில் தீயின் வெப்பத்தைச் சிவப்புப் புள்ளியாகக் குறித்திருப்பார்கள். நடுப்பகலில் மங்கலாக இருக்கும் புகை, வெயில் சாய்ந்ததும் திடீரென்று துலங்கும். எனக்குப் பிடித்த நேரம் அதுதான்.

புழுதி வேறு மாதிரி. வசந்த காலத்தில் தெற்கே காய்ந்து கிடக்கும் வயல்களிலிருந்து காற்று மண்ணை வாரிக்கொண்டு போகும்போது, வெளிர் பழுப்புக் கோடுகள் பக்கத்துப் பக்கத்தில் நீளும். தொடக்கத்தில் வெப்பப் புள்ளி இருக்காது. மண் துகள் சில அகச்சிவப்பு அலைகளை மற்றவற்றைவிட அதிகம் உறிஞ்சுவதால், அந்த வித்தியாசத்தை வைத்து இரவிலும் அதை இளஞ்சிவப்பாகக் காட்டிவிடுகிறார்கள். புகைத் துகள் மிக நுண்ணியது. அகச்சிவப்பு அதைப் பெரும்பாலும் ஊடுருவிப் போய்விடும். அதனால் ராத்திரியில் புகையைத் தொடர்வதுதான் சிரமம்.

சரி, நீங்கள் கவலைப்படும் விஷயத்துக்கு வருகிறேன். செயற்கைக்கோள் மேலிருந்துதான் பார்க்கிறது. புகை பல கிலோமீட்டர் உயரத்திலேயே போனால் சூரியன் சிவந்து தெரியும், ஆனால் நாங்கள் மூச்சுவிடும் காற்று நன்றாகவே இருக்கும். படம் மட்டும் போதாது என்பது அதனால்தான். தரையில் உள்ள கருவிகள் நுண்துகளை அளக்கின்றன. அதையும் மற்ற மாசுகளையும் சேர்த்து 1 முதல் 10 வரை ஒரு எண் கொடுக்கிறார்கள், மிக மோசமானால் 10-க்கும் மேலே. 7-ஐ எட்டினால் பாப்பாவை வெளியே விடுவதில்லை. ஜன்னலை மூடி, காற்று வடிகட்டியை ஓடவிடுகிறோம்.

அதனால் டிவியில் கனடா முழுக்கப் பழுப்பாக ஒரு படம் காட்டினால் அம்மாவைப் பதற வேண்டாம் என்று சொல்லுங்கள். எனக்கு ஒரு போன் போட்டு, "இன்றைக்கு எண் எத்தனை?" என்று கேட்கட்டும்.

அன்புடன்,
உங்கள் மகள்