தம்பிக்கு, மஸ்கி விஷயமாக

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். மஸ்கி, அந்தப் பெரிய வேட்டை மீன், ஒன்றுகூடப் படவில்லை என்று போன கிழமை நீ போனில் கவலைப்பட்டதைக் கேட்டுவிட்டு அம்மா, "மீன்தானே, கடையில வாங்கச் சொல்லுங்கோ" என்கிறா. அவவுக்கு விளங்கப்படுத்த என்னால் ஏலாது. உனக்குப் போனில் சொல்லப் போனால் பாதியில் வெட்டிவிடுவாய். அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் மீன் பிடிக்கிற இடத்தை மாற்று. ஒட்டாவா ஆறு பெரிய மீனுக்குப் பேர்போனதுதான். அங்கே 137 சென்ரிமீற்றருக்குக் குறைந்த மஸ்கியை வைத்திருக்கக் கூடாது என்பது சட்டம். ஒன்ராரியோவின் கவார்த்தா ஏரிகளில் அது 112. இதிலேயே விஷயம் இருக்கிறது: ஆற்று மீன் பெரிது, ஆனால் ஐது. கவார்த்தாவில் பிஜன், பக்ஹோர்ன், ஸ்குகொக் ஏரிகள் பக்கம் சின்னன், ஆனால் நிறைய. அங்கே நெடுங்காலம் பைக் என்கிற இன்னொரு வேட்டை மீன் இல்லாமல் இருந்ததும் ஒரு காரணம். பைக் முந்திப் பொரிக்கும், பிறகு அதன் குஞ்சு மஸ்கிக் குஞ்சைத் தின்னும். முதல் மீனை நிறைய இருக்கிற இடத்தில் பிடி. பெரிசுக்குப் பிறகு ஆற்றுக்குப் போகலாம்.

"மீன் வள்ளம் வரைக்கும் வந்து பார்த்துவிட்டுப் போகுது" என்று நீ சலித்துக்கொண்டாயே, உண்மையில் அது நல்ல செய்தி. தான் இருக்கிற இடத்தை மீனே உனக்குக் காட்டியிருக்கிறது. அது வந்த பாசி ஓரத்தைக் குறித்து வை. பொழுதுபடும் நேரத்திலோ, நிலவு கிளம்பும்போதோ, மழை இருட்டிக்கொண்டு வரும்போதோ திரும்பிப் போ. அதே மீன் வேறு குணத்தில் இருக்கும்.

ஆனால் கடைசிப் பத்தடியை நீ வீணாக்குகிறாய் என்றுதான் நினைக்கிறேன். லூர், அதுதான் அந்தப் பொய் இரை, வள்ளத்தடிக்கு வந்ததும் தூக்கிவிடாதே. தூண்டில் தடியால் தண்ணீருக்குள் 8 வடிவத்தில் எட்டுப் போடு. தடி நுனியில் ஓரடி நூலை விட்டு, நுனியைத் தண்ணீருக்குள் இறக்கி, ஓட்டத்தை நிறுத்தாமல் அப்படியே அகலமாக வளை. சின்ன வட்டம் போட்டால் சரிவராது. நம்மட சீலா மாதிரி நீண்ட உடம்பு, இறுக்கமான வளைவில் திரும்ப மாட்டாது. வளைவில் கொஞ்சம் வேகம் கூட்டு. மீன் தெரிந்தால்தான் எட்டு என்று இருக்காதே. கலங்கல் தண்ணீரில் அது அடியில் நிற்பது உனக்குத் தெரியப் போவதில்லை. ஒவ்வொரு எறிக்கும் போடு. கை உளையும், உளையட்டும்.

கடித்தால் தடியை மேலே தூக்காதே, லூர் வாயை விட்டு வந்துவிடும். பக்கவாட்டில் பலமாக இழு. வாய் முழுக்க எலும்பு, அதனால் கொளுக்கியை அரத்தால் தீட்டி வைத்திரு. புது லூர் வாங்குகிற காசில் ஒரு நல்ல அரம் வாங்கலாம். உன்ர பெட்டியில் இருக்கிற லூரே இரண்டு பேருக்குக் காணும்.

தங்கூசி, அந்த ஒற்றை நைலோன் நூல், இதற்குச் சரிவராது. 80 இறாத்தல் பின்னல் நூல், முன்னால் உருக்குக் கம்பி அல்லது 100 இறாத்தலுக்குக் குறையாத புளோரோகாபன் நூல். மீனின் பலத்துக்காக இல்லை, பல்லுக்காக. நூலை அறுத்து, வாயில் கொளுக்கியோடு போகிற மீன் செத்தும் போகலாம்.

பெரிய வலை, நீளக் குறடு, கொளுக்கி வெட்டி மூன்றும் இல்லாமல் வள்ளத்தில் ஏறாதே. கழற்றும் வரை மீன் வலையோடு தண்ணீருக்குள்ளேயே இருக்கட்டும். படம் எடுப்பதானால் படுக்கையாக, வயிற்றுக்கு ஒரு கை கொடுத்துப் பிடி. தாடையில் தொங்கவிடாதே. யூலை, ஓகஸ்டில் மேல் தண்ணீர் 27 பாகை செல்சியசைத் தொட்டால் மஸ்கியை விட்டுவிட்டுப் பாஸ் மீன் பிடி. அந்தச் சூட்டில் போராடிய மீன் நீந்திப் போனாலும் பிறகு சாகக்கூடும்.

ஒன்ராரியோவின் சாதனை மீன், கென் ஓ'பிரையன் 1988 இல் ஜோர்ஜியன் குடாவில் பிடித்த 65 இறாத்தல் மஸ்கி, ஒரு சின்ன லூரில்தான் பட்டது. அதைக் கேட்டுவிட்டு நீயும் சின்ன லூருக்கு மாறாதே. அது அந்த மனிசனின் அதிர்ஷ்டம்.

செப்ரெம்பரில் ஒரு சனி, ஞாயிறு வீட்டுக்கு வா. தண்ணீர் ஆறியிருக்கும், பிஜனுக்குப் போவோம். வரும்போது என்ர நீளக் குறட்டையும் கொண்டு வா, நீதான் எடுத்துக்கொண்டு போனது.

அன்புடன்,
அப்பா