தங்கை எழுதாத பதில்

வேலூர்
22.6.2025

அன்புள்ள தோழிக்கு,

உன் பார்சல் வந்து பத்து நாளாகிறது. பதில் தாமதமானதற்குக் கண்ணைத்தான் குறை சொல்ல வேண்டும். இடது கண்ணில் புரை முற்றிவிட்டதாம். ஆடி போகட்டும், ஆவணியில் ஆபரேஷன் வைத்துக்கொள்ளலாம் என்று இவர் சொல்லிவிட்டார். (கண்ணுக்கு என்ன ஆடி, ஆவணி? கேட்டால் சண்டை.) விளக்கு வெளிச்சத்தில் எழுத்தெல்லாம் அலைகிறது. பகலில், அதுவும் வாசல் திண்ணையில் உட்கார்ந்தால்தான் படிக்க முடிகிறது. அதனால் ஒரு நன்மையும் விளைந்தது, சொல்கிறேன்.

மற்றபடி எல்லோரும் நலம். இலவம்பாடி முள்ளு கத்தரிக்காய் கேட்டிருந்தாய். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கியதிலிருந்து கடைக்காரர் அதைக் கத்தரிக்காய் என்றே சொல்வதில்லை, ‘ஜி.ஐ. காய்’ என்கிறார். யாராவது அந்தப் பக்கம் வந்தால் கொடுத்தனுப்புகிறேன்.

இனி உன் கடிதத்துக்கு வருகிறேன். “பெண்களைப் பற்றிய கதை என்றாலே ஏன்டீ ஒருத்தி எரிகிறாள், இல்லை தொங்குகிறாள்? நிம்மதியாக ஒரு காப்பி குடித்தவளை நான் எந்தக் கதையிலும் பார்த்ததில்லை” என்று எழுதியிருந்தாய். சிரித்துவிட்டேன். அப்புறம் யோசித்தால், நீ அனுப்பிய இரண்டு புத்தகத்திலும் மண்ணெண்ணெய் வாடை.

எங்கள் எதிர்வீட்டில் ஒரு பெண் பீடி சுற்றுகிறாள் என்று முன்பே எழுதியிருக்கிறேன். வயது நாற்பத்தைந்துக்குள் இருக்கும். பன்னிரண்டு வயதிலிருந்து இதே வேலை. எங்கள் திண்ணையில் காற்று வரும் என்று மத்தியானம் முறத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். ஈரத்துணியில் சுற்றிய இலையை எடுத்து, தகர அளவை மேலே வைத்துக் கத்தரியால் வெட்டி, தூளை ஒரு விரலால் பரப்பி, உருட்டி, நூல் கட்டி, முனையை மடிப்பாள். கண் தெருவில் இருக்கும். “இலையப் பார்த்தா கை நின்னுபோயிடும் டீச்சரம்மா” என்பாள். ஒருநாள், “மனசுக்குள்ளயே படிச்சிகினு கீறியே, வாய் விட்டுப் படிச்சா நானும் கேப்பேன் இல்ல?” என்றாள். அன்றிலிருந்து தினமும் மூன்று மணிக்கு வாசிப்பு. அவளுக்கு இருபத்தைந்து இருபத்தைந்தாகக் கட்டு ஏறும், எனக்குப் பக்கம் நகரும்.

முதலில் எடுத்தது போன மாதம் சர்வதேச புக்கர் பரிசு வாங்கிய ‘ஹார்ட் லேம்ப்’. ஹாசனைச் சேர்ந்த வழக்கறிஞர் பானு முஷ்தாக் கன்னடத்தில் எழுதிய கதைகள், தீபா பாஸ்தியின் ஆங்கிலத்தில். சிறுகதைத் தொகுப்பு ஒன்றுக்கு இந்தப் பரிசு கிடைத்தது இதுதான் முதல் தடவை. ஆங்கிலத்தைக் கண்ணால் பார்த்துத் தமிழில் வாயால் சொல்வது எத்தனை கஷ்டம் தெரியுமா? பாதி இடத்தில் நானே ஒரு கதையை ஓட்டிக்கொண்டிருந்தேன். ஆனால் முஸ்லிம்கள் நிறைந்த பக்கத்து ஊரைச் சொல்லி, ‘மேல்விஷாரத்தில் நடந்த மாதிரி கீது’ என்று அவள் சொன்னபோது, பரவாயில்லை, சேர வேண்டியது சேர்ந்துவிட்டது என்று தோன்றியது.

தலைப்புக் கதையில் மெஹ்ருன் என்றொரு பெண். புருஷன் வேறு ஒருத்தியிடம் போய்விட்டான். கைக்குழந்தையோடு பிறந்த வீட்டுக்கு வருகிறாள். அண்ணன் தம்பிகள் மானம் மரியாதை பேசி, அவளைத் திரும்பக் கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிறார்கள். ராத்திரி அவள் மண்ணெண்ணெயை எடுக்கிறாள். மூத்த மகள் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து அவள் காலைக் கட்டிக்கொள்கிறாள். நான் அந்த மகளின் இடத்தில் குரல் கம்மிப்போய் நிறுத்தினேன். இவள் கை நின்றிருந்தது. இத்தனை வருஷத்தில் அந்தக் கை நின்று நான் பார்த்ததில்லை. ஆனால் அவள் நிறுத்தியது மகளுக்காக இல்லை. “அம்மாவூட்ல ஒரு ராத்திரி படுக்க வெச்சிருந்தா இந்த மண்ணெண்ண எதுக்கு?” என்றாள். நானாக இருந்தால் புருஷனைத் திட்டியிருப்பேன், நீ முடிவைக் குறை சொல்லியிருப்பாய். அவள் நேராக அண்ணன் தம்பியைப் பிடித்துவிட்டாள்.

இமையத்தின் ‘செல்லாத பண’த்தை முழுதாகப் படித்துக்காட்ட எனக்குத் தைரியம் வரவில்லை. கதையாகச் சொன்னேன். இன்ஜினியரிங் படித்த ரேவதி, வீட்டை மீறி ஆட்டோ ஓட்டுகிறவனைக் கட்டிக்கொண்டவள், உடம்பெல்லாம் தீக்காயத்தோடு புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். நாவலின் பெரும்பகுதி உள்ளே இல்லை, வாசலில் இருக்கிறது. ஹெட்மாஸ்டர் அப்பாவும் அம்மாவும் அண்ணனும் காத்திருக்கிறார்கள். பணம் இருக்கிறது, ஆனால் அந்தக் கதவுக்கு முன்னால் அது செல்லவில்லை. 2020-க்கான சாகித்ய அகாதெமி விருது பெற்ற நாவல். நீ ‘வளவள’ என்று எழுதியிருந்தாய். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்தவர்கள் அப்படித்தான் பேசுவார்கள், சொன்னதையே சொல்வார்கள். வேலூர்க்காரிக்கு இது தெரியாதா? வைத்தியத்துக்கு வருகிற வங்காளிகளுக்காக லாட்ஜுக்கு லாட்ஜ் வங்காள எழுத்தில் போர்டு மாட்டியிருக்கிற ஊர் இது. பாதி ஊர் யாரோ ஒருவருடைய வார்டுக்கு வெளியே காத்திருக்கிறது.

அந்த வாசல் பேச்சில்தான் நம் ஊர்க் கதையை அவளுக்குச் சொன்னேன். நமக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பார்கள்! 1890-களில், திண்டிவனம். ஒரே இரவில் மூன்று ஆண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து, அமெரிக்க மிஷனரி டாக்டரின் மகள் ஐடா ஸ்கடரின் கதவைத் தட்டுகிறார்கள். மூவர் வீட்டிலும் பிரசவ வேதனை. ‘நான் டாக்டர் இல்லை, அப்பாதான் டாக்டர், அவர் வருவார்’ என்கிறாள் ஐடா. ஆண் டாக்டர் வேண்டாம் என்று மூவரும் திரும்பிப் போகிறார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் செத்துப்போகிறார்கள். ஐடா அமெரிக்கா போய் டாக்டராகி, 1900-இல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கியதுதான் சி.எம்.சி. என்கிற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. 1918-இல் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளி. 1947 வரைக்கும் அங்கே ஆண்களுக்கு இடமில்லை. முப்பத்திரண்டு வருஷம், ஒவ்வொரு வகுப்புக்கும், கையை ஆட்டி ஆட்டிச் சொன்ன கதை.

இவள் கேட்டுவிட்டு, “அந்த மூணு பொம்பளைங்க பேரு இன்னா?” என்றாள்.

எனக்குத் தெரியவில்லை. தட்டியவர்கள் இன்ன சாதி, இன்ன மதம் என்பது வரைக்கும் கதையில் வருகிறது. செத்தவர்கள் பெயர் நான் கேட்ட எந்த வடிவத்திலும் வந்ததில்லை, நானும் தேடியதில்லை. அவள் விடவில்லை. “வலி எடுத்தவள ஒருத்தராவது கேட்டாங்களா, ஆம்பள டாக்டர் வந்தா பரவாயில்லியாம்மான்னு?” டீ போடுகிறேன் என்று உள்ளே போய்விட்டேன். பால் பொங்கி வழிந்தது.

அதற்கப்புறம் எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் எழுதியவர் கதவுக்கு எந்தப் பக்கம் நிற்கிறார் என்று பார்க்கத் தொடங்கிவிட்டேன். எழுதியவர் ஆணா பெண்ணா என்பதில் அது அடங்கவில்லை. அதே இமையம் 1994-இல் ‘கோவேறு கழுதைகள்’ எழுதியபோது, அழுக்கு மூட்டை சுமக்கும் ஆரோக்கியத்தின் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டிருந்தார். கண்மணி குணசேகரனின் ‘அஞ்சலை’யும் அப்படித்தான். பெண் பார்க்கும்போது காட்டியவன் ஒருவன், தாலி கட்டியவன் வேறொருவன் என்று தெரிந்த அன்றும் அவளுக்குக் காட்டு வேலை இருக்கிறது.

நம் மு.வ. நினைவு வந்தது. வாலாஜாவுக்குப் பக்கத்து வேலத்துக்காரர், ‘அகல் விளக்கு’க்கு 1961-இல் அகாதெமி விருது வாங்கியவர், வடாற்காட்டுக்கே பெருமை, எல்லாம் சரி. ஹாஸ்டலில் அவருடைய நடையைக் காப்பியடித்து நாம் எத்தனை கடிதம் எழுதினோம்! ‘அன்னைக்கு’, ‘தம்பிக்கு’, ‘தங்கைக்கு’, ‘நண்பர்க்கு’ என்று நாலு கடித நூல் எழுதினார் இல்லையா? போன வாரம் ‘தங்கைக்கு’ நூலைப் பரணிலிருந்து இறக்கினேன். அறிவுரைகளில் இன்றைக்கும் பாதி நல்ல அறிவுரைதான். ஆனால் அந்தத் தங்கை ஒரு வரி பதில் போட்டிருந்தால் எப்படி இருந்திருக்கும்? ‘அண்ணா, நீ சொல்வது சரிதான், ஆனால் இங்கே நிலைமை வேறு’ என்று ஒரே ஒரு இன்லேண்ட் லெட்டர்?

பதில் எழுதியவர்கள் பின்னால் வந்தார்கள். பாமாவின் ‘சங்கதி’யைப் படித்துக்காட்டிய அன்று எங்கள் தெருவே எட்டிப் பார்த்தது. அதில் ஒரு கதாநாயகி என்று கிடையாது, பாட்டி பேசுவாள், பேத்தி பேசுவாள், தெருப் பெண்கள் எல்லோரும் பேசுவார்கள். அடிக்க வரும் புருஷனை ராக்கம்மா நடுத்தெருவில் நின்று வைகிற இடம் உனக்கு நினைவிருக்கும். அந்த வசவுகளை வாய்விட்டுப் படிக்க இந்த ரிடையர்டு டீச்சர் தடுமாறினாள். “விடாம படி, விடாம படி” என்று இவள் சிரித்த சிரிப்பில் முறத்திலிருந்த தூள் பறந்து எனக்குத் தும்மல் நிற்கவில்லை. உன் காப்பி குடிக்கும் பெண்ணை அங்கே தேடு. காப்பி இருக்காது, ஆனால் சிரிப்பு இருக்கும்.

அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ மட்டும் எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை. அதில் மருமகள் மீனாட்சி, சமையலறைக்கு வெளியே இருக்கும் வராந்தாவைக் கொஞ்சம் அகலப்படுத்தலாமே என்பாள். அங்கிருந்து பார்த்தால் மலை தெரியும். மாமனார் கேட்டுக்கொள்வார். இரண்டு நாளில் வராந்தாவில் நைலான் கயிறு கட்டியாகிவிடும். ஈரப் புடவைகள் தொங்கி மலை மறைந்துபோகும். இவளுக்கு அது உறைக்கவில்லை. “தனியா ஒரு சமையல் ரூம் கீது, அது போறாதா அவளுக்கு?” என்றாள். அவள் வீடு ஒற்றை அறை. நான் விளக்கம் சொல்லப் போய், பாதியில் விட்டுவிட்டேன்.

ஆனால் எனக்கு அது பிடித்துக்கொண்டது. எங்கள் சமையலறை சன்னலுக்கு நேரே மலைதான், நீயே பார்த்திருக்கிறாய். முப்பது வருஷமாக இவருடைய வேட்டியைத்தான் பார்த்துக்கொண்டு தாளித்துக்கொண்டிருந்தேன். மறுநாள் காலை கொடியை அவிழ்த்துவிட்டேன். “துணி எங்கே காயும்?” என்றார். மாடியில் என்றேன். “உன் முழங்காலோடு மாடி ஏறுவாயா?” என்றார். “நீங்கள் ஏறுங்கள்” என்றேன். மூன்று நாள் பேச்சில்லை. நாலாம் நாள் வாளியோடு மாடிப்படியில் கால் சத்தம் கேட்டது. மலை ஒன்றும் பெரிய அழகில்லை, பாறையும் முள்ளும்தான்.

மரமில்லாத மலை என்றதும் ஹாஸ்டல் நாட்களில் பையன்கள் பாடிய அந்தப் பல்லவி ஞாபகம் வருகிறது. தண்ணியில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமியில்லாத கோயில், அழகில்லாத பெண்கள் என்று. 1981-இல் சத்துவாச்சாரியிலிருந்து ஜலகண்டேசுவரர் கோட்டைக்குள் திரும்பி வந்தார், நாமும் கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு போய்ப் பார்த்தோம். 2021 நவம்பரில் பாலாறு கரை கொள்ளாமல் ஓடியது. கடைசி வரியை மட்டும் இன்னும் யாரோ சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். போன மாதம் ஒரு கல்யாணத்தில் கேட்டேன். நான் எழுந்து போய் ராக்கம்மா மாதிரி இரண்டு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். பாயசம் வந்துவிட்டது.

அடுத்து சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ தொடங்கலாம் என்றிருக்கிறோம். என்னிடம் இருந்த பிரதியை யாரோ வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். உன்னிடம் இருந்தால் அனுப்பு. எழுத்து பெரியதாக இருந்தால் புண்ணியம்.

நேற்று அவள் கட்டுகளை எண்ணிக் கொடுக்கப் போய்த் திரும்பி வந்தாள். கணக்குப் பார்க்கிறவர் இரண்டு கட்டைக் கழித்துவிட்டாராம். சுற்று தளர்ந்திருக்கிறது என்றாராம். “உன் கதையால வந்தது” என்று என்னைத் திட்டிவிட்டு, “சரி, மூணு மணிக்கு வரேன்” என்று போனாள்.

‘செல்லாத பண’த்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். பக்கங்களுக்கு நடுவில் புகையிலைத் தூள் இருக்கும். நன்றாகத் தட்டிவிட்டு அலமாரியில் வை.

உன்,
வேலூர்க்காரி