செல்போன் ரோட்டைத் தாண்டி வந்திருக்கிறது, அவ்வளவுதான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளி நேரத்தில் மாணவர்களின் செல்போனையும் சமூக வலைத்தளப் பழக்கத்தையும் கட்டுப்படுத்த வேண்டும் என்று தங்கள் இதழில் வாசகர்கள் எழுதிவருவதைப் படிக்கிறேன். எனக்கும் அதே கருத்துதான். ஆனால் எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் பள்ளியில் பாடம் நடத்துகிறவர்கள், அல்லது பெற்றோர். நான் கோரையாற்றங்கரை ஊர் ஒன்றில் அரசு மேல்நிலைப் பள்ளிக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள். கேட்டுக்கு வெளியே நடப்பதைச் சொல்லவும் ஓர் ஆள் வேண்டுமே என்றுதான் எழுதுகிறேன்.

பள்ளிக்குப் போன் கொண்டுவரக் கூடாது என்பது நம் மாநிலத்தில் பல வருடமாக இருக்கிற விதி. அதனால் என்ன நடக்கிறதென்றால், பிரேயர் மணிக்கு முன்னால் பிள்ளைகள் ரோட்டைத் தாண்டி வந்து போனை என் கடையில் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அதற்கென்றே ஒரு பெரிய பிஸ்கட் டின் வைத்திருக்கிறேன். கைக்குட்டையில் சுற்றியது, ரப்பர் பேண்டு போட்டுப் பெயர் எழுதிய சீட்டைச் செருகியது, கவருக்குள் பஸ் பாஸையும் பத்து ரூபாய் நோட்டையும் மடித்து வைத்தது என்று ஒவ்வொன்றும் ஒரு விதமாக இருக்கும். சைலண்டில் போடு என்றால் வைப்ரேஷனில் போட்டுவிட்டுப் போவார்கள். பதினோரு மணி வாக்கில் டின் தானாக மேஜை மேல் நகர ஆரம்பித்துவிடும். நான் காசு வாங்குவதில்லை (நோட்டும் பேனாவும் என்னிடமே வாங்குகிறார்கள், அது வேறு கணக்கு). பஸ் ஸ்டாப் பக்கம் ஒரு நாளைக்கு ஐந்து ரூபாய் வாங்குகிற கடையும் இருக்கிறது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் "அக்கா, ரெண்டே நிமிஷம்" என்று ஓடிவந்து, சந்தில் நின்று ரீல்ஸ் பார்த்துவிட்டு, சாப்பிடாமலேயே திரும்பிப் போகிற பையன்களும் உண்டு.

இதில் ஒரு போன் காணாமல் போனால் யார் பொறுப்பு? பள்ளியைக் கேட்டால், கொண்டுவரவே கூடாதே என்பார்கள். என்னைக் கேட்டால் நான் என்ன சொல்ல? டெல்லி உயர் நீதிமன்றம் 2025-இல் இந்த விஷயத்துக்கு வழிகாட்டு நெறிகள் சொன்னது. முழுத் தடை வேண்டாம், முடிந்த இடங்களில் பள்ளியிலேயே போனை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போகும்போது வாங்கிக்கொள்ளட்டும் என்பது அதில் ஒன்று. நம் பக்கத்துக்கும் அதுதான் தோதான வழி. தலைமையாசிரியர் அறைக்கு வெளியே நம்பர் போட்ட அறைகளுடன் ஒரு மர அலமாரி, ஒரு பூட்டு, டோக்கன், காலையும் மாலையும் கால் மணி நேரம் நிற்க ஓர் ஆள். பள்ளி மேலாண்மைக் குழு கூடிப் பேசினால் ஒரு மாதத்தில் முடிகிற வேலை.

"கொண்டுவராமலே இருந்தால் என்ன?" என்று கேட்பவர்கள் எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு நாள் வந்து பார்க்க வேண்டும். நடவு, களையெடுப்புக் காலத்தில் அம்மா விடிந்ததும் வயலுக்குப் போய்விடுவார். அப்பா துபாயிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். போனே அவர் லீவில் வரும்போது வாங்கிவந்ததுதான். பத்தாவதுக்கும் பிளஸ் டூவுக்கும் ஸ்பெஷல் கிளாஸ் முடிய ஆறு ஆகிவிடுகிறது. அதற்குள் டவுன் பஸ் போய்விட்டால் அடுத்த பஸ்ஸுக்கு இருட்டும்வரை நிற்க வேண்டும். ஆற்றங்கரை ரோட்டில் பாதித் தூரத்துக்கு லைட் கிடையாது. பெண் பிள்ளையின் பையில் அம்மா போனைப் போட்டு அனுப்புவது செல்லத்தினால் அல்ல.

அந்தப் போன் பெரும்பாலும் வீட்டுக்கே ஒன்றுதான் என்பதையும் கவனிக்க வேண்டும். அதைப் பறிமுதல் செய்து பீரோவில் பூட்டி, "வருடக் கடைசியில் வந்து வாங்கிக்கொள்" என்றால் தண்டனை குடும்பத்துக்குப் போகிறது. கேஸ் சிலிண்டர் வந்தால் ஓடிபி சொல்ல முடியாது, வெளிநாட்டிலிருந்து வருகிற பணம் வந்ததா என்று பார்க்க முடியாது. அந்தப் பையனுக்கு என்ன? பக்கத்து வீட்டு அண்ணன் போனில் ரீல்ஸ் பார்த்துக்கொள்வான்.

பெண் பிள்ளைகள் விஷயம் இதைவிட மோசம். வேறோர் ஊர்ப் பள்ளியில் என் நாத்தனார் மகளின் போன் பிடிபட்டது. வாங்கி வைத்ததோடு விடாமல், ஸ்டாஃப் ரூமில் வைத்து வாட்ஸ்அப்பைத் திறந்து ஒவ்வொன்றாகப் படித்திருக்கிறார்கள். ஒரு பையனோடு பேசியது இருந்தது. பெரிதாக ஒன்றுமில்லை, பதினாறு வயதில் எல்லாரும் பேசுகிறதுதான். அப்பாவை வரவழைத்து நாலு பேர் முன்னால் படித்துக் காட்டினார்கள். அதன் பிறகு அந்தப் பெண்ணைப் பள்ளிக்கே அனுப்பவில்லை. வீட்டில் மாப்பிள்ளைப் பேச்சு எடுத்தபோது நாங்கள் நாலைந்து பேர் போய்ச் சத்தம் போட்டதால் அது நின்றது. படிப்பு நின்றது நின்றதுதான். போனுக்கு விதி எழுதுகிறவர்கள் முதல் வரியாக எழுத வேண்டியது இது: வாங்கி வைக்கிற போனை யாரும் திறக்கக் கூடாது. ஆபாசப் படம், மிரட்டல் என்று சந்தேகம் வந்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குச் சொல்ல வேண்டும். ஸ்டாஃப் ரூமில் பஞ்சாயத்து கூடாது.

அப்புறம் வீட்டுப்பாடம். வகுப்புக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப். இரவு எட்டு மணிக்கு மேல் கேள்வித்தாள் பிடிஎஃப்பாக வந்து விழும். "நாளைக்குள் எழுதி வா." காலையில் என் கடையில் கூட்டம் அதற்குத்தான், பிரிண்ட் எடுக்க. பிள்ளை போனைக் கையில் எடுக்க இதைவிட நல்ல காரணம் வேறென்ன வேண்டும்? "குரூப்பில் கணக்கு வந்திருக்கும்மா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தால் பதினொன்று ஆகிவிடுகிறது. நாடு முழுக்கக் கிராமப்புறப் பிள்ளைகளின் படிப்பு நிலையைப் பார்க்கிற அசர் (ASER) ஆய்வு 2024-இல் இதைச் சொல்கிறது. ஸ்மார்ட்போன் பயன்படுத்தத் தெரிந்த 14 முதல் 16 வயதுப் பிள்ளைகளில், அதற்கு முந்தைய வாரத்தில் படிப்புக்காக அதைத் தொட்டவர்கள் 57 சதவீதம். சமூக வலைத்தளத்துக்குத் தொட்டவர்கள் 76 சதவீதம். கொரோனா காலத்தில் வேறு வழியில்லாமல் தொடங்கிய பழக்கம் இது. பள்ளி திறந்து இத்தனை வருடம் ஆகிவிட்டது. வீட்டுப்பாடத்தைக் கரும்பலகையில் எழுதிப் போடுங்கள், டைரியில் எழுதிக்கொண்டு போகட்டும். எனக்குப் பிரிண்ட் வருமானம் குறையும். குறையட்டும்.

ஆசிரியர்கள் மட்டும் வகுப்பில் போன் வைத்திருக்கலாமா என்று பிள்ளைகள் என்னிடம் கேட்பார்கள். வருகைப்பதிவையே செயலியில் போட வைத்திருக்கிறது அரசு, அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் பிள்ளைகளை நிற்க வைத்து ரீல்ஸ் எடுத்து, லைக் எத்தனை என்று பார்க்கிற சிலரும் இருக்கிறார்கள். அதையும் சேர்த்து நிறுத்தினால்தான் சின்னவர்கள் காது கொடுத்துக் கேட்பார்கள்.

தடையால் பலன் உண்டா என்றால், உண்டு என்றுதான் படித்த வரையில் தெரிகிறது. இங்கிலாந்தில் நான்கு நகரங்களின் பள்ளிகளை வைத்து 2015-இல் வந்த ஓர் ஆய்வில், போனைத் தடுத்த பள்ளிகளில் மதிப்பெண் கூடியது. அதிலும் படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்குத்தான் கூடுதல் பலன். முதல் பெஞ்சுக்காரர்களுக்கு ஒன்றும் மாறவில்லை. டியூஷனுக்குப் போக வழியில்லாத பிள்ளைகள் நிறைந்த எங்கள் பள்ளிக்கு இது பெரிய விஷயம். அதே நாட்டில் 2025-இல் வந்த இன்னோர் ஆய்வு, பள்ளியில் மட்டும் கட்டுப்படுத்தினால் பிள்ளைகள் ஒரு நாளில் மொத்தமாகப் போன் பார்க்கும் நேரம் குறைவதில்லை என்றும் சொல்கிறது. எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. நாலரை மணிக்கு என் கடை வாசலில் வந்து நின்றால் தெரியும். போன் கைக்கு வந்ததும் ஒருவரும் பேசுவதில்லை, பஸ் ஹாரன் அடித்தால்தான் தலை நிமிரும்.

அந்த மீதி நேரத்துக்குப் பள்ளியைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் இன்ஸ்டாகிராம், டிக்டாக், ஸ்னாப்சாட், யூடியூப் போன்றவற்றில் கணக்கு வைத்திருக்க முடியாது. மீறினால் அபராதம் அந்த நிறுவனங்களுக்கு. பிள்ளைக்கோ பெற்றோருக்கோ இல்லை. அந்தச் சட்டம் ஓட்டையில்லாமல் ஓடுமா என்று சந்தேகம் கிளப்புகிறவர்கள் இருக்கிறார்கள், அது இருக்கட்டும். யாரைப் பிடிக்க வேண்டும் என்பதில் அவர்கள் தெளிவாக இருக்கிறார்கள். இங்கே 2020-இல் டிக்டாக்கைத் தடை செய்தார்கள், அதில் ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகள் எல்லாம் ரீல்ஸுக்குப் போய்விட்டார்கள்.

கடைசியாக மழை லீவு. ஐப்பசி, கார்த்திகை வந்தால் எங்கள் மாவட்டத்தில் கலெக்டர் லீவு விடுவாரா என்று பார்ப்பதே காலை வேலை. சில நாள் வகுப்பு தொடங்கிய பிறகு மழை பிடித்துக்கொண்டு, சீக்கிரமே விட்டுவிடுவார்கள். "அப்போது போன் இல்லாவிட்டால் எப்படி?" என்று தாய்மார்கள் கேட்பது நியாயம். ஆனால் 2018-இல் கஜா புயல் அடித்தபோது டவர் சாய்ந்து, பல ஊர்களில் நாள்கணக்காக எந்தப் போனும் பேசவில்லை. பையில் போன் இருந்தால் ஆபத்துக்கு உதவும் என்று முழுசாக நம்பிவிட முடியாது. பள்ளியில் எப்போதும் எடுக்கிற ஒரு போன் இருக்க வேண்டும். பிள்ளைகளும் அதிலிருந்து வீட்டுக்குப் பேச விட வேண்டும். அந்த நம்பரைக் கேட் சுவரில் பெரிதாகப் பெயிண்டில் எழுதி, ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து கடைசிப் பிள்ளை பஸ் ஏறும்வரை ஒருவர் அதன் பக்கத்தில் இருக்க வேண்டும். வருகிற ஐப்பசிக்குள் மாவட்டக் கல்வி அலுவலகம் இதைச் செய்துகொடுத்தால், அலமாரிக்குப் போனைக் கொடுக்கச் சொல்லி அம்மாக்களிடம் நானே பேசுகிறேன்.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடைக்கார வாசகி,
நீடாமங்கலம் வட்டம், திருவாரூர் மாவட்டம்.