செங்கோட்டையிலிருந்து ஒரு கீஷ்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்த அன்றுதான் இங்கே சாரல் தொடங்கியது. ஆரியங்காவுக் கணவாய்க் காற்று இன்னும் ஓயவில்லை. இரவில் வயிற்றுக்குப் பாரமில்லாமலும் பசி தாங்கும்படியும் என்ன செய்வது என்று கேட்டிருந்தாய். அண்ணனுக்குச் சர்க்கரை கூடியிருக்கிறது என்று படித்ததிலிருந்து எனக்கும் அதே நினைவுதான்.

நாங்கள் வாரம் இரண்டு இரவு, முட்டையில் சுட்ட சிறிய கீஷ் சாப்பிடுகிறோம். பிரான்சின் வடகிழக்கில், ஜெர்மனியை ஒட்டிய லொரேன் பகுதியின் பண்டம் இது. பெயரே ஜெர்மானியச் சொல்லிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். நம் செங்கோட்டை 1949 வரை திருவிதாங்கூரிலும், பிறகு 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தது. இன்றும் தேங்காயெண்ணெயையும் நல்லெண்ணெயையும் ஒரே அடுப்படியில் வைத்திருக்கும் நம் ஊர்க்காரிக்கு அந்த எல்லைப்புறச் சமையல் அந்நியமாகத் தோன்றவில்லை.

அவர்கள் மைதாவும் வெண்ணெயும் பிசைந்த ஓட்டில் முட்டையையும் பாலாடையையும் ஊற்றிச் சுடுகிறார்கள். நான் ஓட்டையே விட்டுவிட்டேன்; பாலாடைக்குப் பதில் பால். நான்கு முட்டைக்கு 200 மில்லி பால், அரைத் தேக்கரண்டி உப்பு, பொடித்த நல்லமிளகு. நுரைக்க அடிக்காமல் கலந்தால் போதும். பன்னிரண்டு குழியுள்ள தட்டில் எண்ணெய் தடவி, காய்களைப் போட்டு, முக்கால் குழிக்கு ஊற்றுகிறேன். மூன்று சாப்பிட்டால் ஒரு முட்டை, அதாவது ஏறத்தாழ 6 கிராம் புரதம்.

காய்களில்தான் நீ கவனமாக இருக்க வேண்டும். முதல்முறை பாலக்கீரையைப் பச்சையாக நறுக்கிப் போட்டேன். அது விட்ட தண்ணீர் அடியில் தேங்கி, முட்டை சேராமல் போயிற்று. இப்போது கீரையையும் காளானையும் சின்ன வெங்காயத்தோடு ஈரம் வற்றும்வரை வதக்கி, ஆறவிட்டு, கீரையைக் கையால் பிழிந்த பிறகே சேர்க்கிறேன். முருங்கைக்கீரைக்கு இவ்வளவு பாடு இல்லை. பாலாடைக்கட்டிக்குப் பதில் பன்னீரை உதிர்த்துப் போட்டால் உப்பும் கொழுப்பும் குறைகின்றன.

‘அவன்’ (oven) அடுப்பில் 180 டிகிரி செல்சியஸில் இருபது நிமிடம் வை. நடுப்பகுதி சற்றே ஆடும்போதே வெளியே எடுத்துவிடு. மிச்சச் சூட்டில் அது தானாகவே இறுகும். மேலும் வேகவிட்டால் முட்டையின் புரதம் இறுகித் தண்ணீரைக் கக்கிவிடும். உப்பி எழுந்தது ஆறும்போது அமுங்கினால் பதறாதே, அதன் இயல்பு அது. அந்த அடுப்பு இல்லாவிட்டால் பணியாரச் சட்டியில் சிறுதீயில் மூடி வேகவை, திருப்பிப் போடாதே.

அண்ணனுக்கு மூன்று கீஷும் ஒரு கிண்ணம் வெள்ளரிக்காயும் கொடுத்துப் பார்த்து, எப்படி இருந்தது என்று அடுத்த கடிதத்தில் மறைக்காமல் எழுது. சாரல் முடிவதற்குள் இருவரும் ஒருமுறை வந்து போங்கள். பணியாரச் சட்டி என்னிடம் இரண்டு இருக்கிறது, ஒன்றை உனக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன்.

என்றும் அன்புடன்,
உன் தோழி