டிராக்கிங் பக்கத்துக்கு வாசகம் எழுதுபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கூரியர் நிறுவனங்களில், பார்சல் இப்போது எங்கே இருக்கிறது என்று இணையத்தில் காட்டும் டிராக்கிங் பக்கத்தைக் கவனிக்கும் நண்பர்களுக்கு வணக்கம்.

உடன்குடியிலிருந்து கருப்பட்டி அனுப்பிப் பிழைக்கிறவன் நான். பார்சல் கைக்கு வரும்வரை வாடிக்கையாளர் உங்களைக் கூப்பிடுவதில்லை, என்னைத்தான் கூப்பிடுகிறார். "அண்ணே, நாகர்கோவிலுக்குத்தானே அனுப்புனீங்க? மதுரையில இருக்குன்னு காட்டுதே?" உடன்குடியிலிருந்து நாகர்கோவில் காரில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். மதுரையோ வேறு திசையில், வடக்கே. அங்கே போய் நாகர்கோவில் வந்தால் 400 கிலோமீட்டரைத் தாண்டும். கேட்பவரைக் குறை சொல்ல முடியுமா?

உங்கள் பக்கத்து நியாயம் எனக்குத் தெரியும். உங்களுக்காக அதை ஃபோனில் சொல்லிச் சொல்லி மனப்பாடமே ஆகிவிட்டது. 100 ஊர்களை ஒன்றோடொன்று நேராக இணைக்க 4,950 வழித்தடங்கள் வேண்டும். அவற்றில் பெரும்பாலான வண்டிகள் காலியாகத்தான் ஓடும். நூறில் ஓர் ஊரை மையமாக வைத்து, எல்லாவற்றையும் அங்கே கொண்டுவந்து பிரித்தால் 99 போதும். நாமும் பக்கத்து ஊருக்குப் போக டவுன் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துதானே மாறுகிறோம். அமெரிக்காவில் ஃபிரெட் ஸ்மித் நிறுவிய ஃபெடெக்ஸ் கூரியர் 1973 ஏப்ரலில் தொழிலைத் தொடங்கிய முதல் இரவில் 14 சிறு விமானங்கள், 186 பார்சல்கள், 25 நகரங்கள். எந்த ஊர்ப் பார்சலும் முதலில் அவர்களின் மையமான மெம்பிஸ் நகருக்குப் போயாக வேண்டும் என்பதுதான் அந்த நிறுவனம் பிறந்த யோசனையே. ஆக, மதுரை போய் வருவது கிறுக்குத்தனம் இல்லை, கணக்கு. இதை விளக்கினால் பத்தில் எட்டுப் பேர் "சரிண்ணே" என்று வைத்துவிடுகிறார்கள்.

சிக்கல் என்னவென்றால், எல்லாச் சுற்றும் கணக்கு இல்லை. சில சுற்று வெறும் தப்பு. உங்கள் டிராக்கிங் பக்கத்தில் இரண்டும் ஒரே மாதிரித் தெரிகின்றன.

எனக்கு வரவேண்டிய பேக்கிங் டேப் பெட்டி ஒன்று எறணாகுளம் போய்விட்டு வந்தது. எந்த நிறுவனம் என்பது வேண்டாம். பெட்டி வந்தபோது லேபிளைப் பார்த்தேன்: பின்கோடு 682 என்று தொடங்கியதைப் பேனாவால் அடித்து, பக்கத்தில் 628 என்று யாரோ எழுதியிருந்தார்கள். 628 தூத்துக்குடிப் பக்கம், 682 கொச்சிப் பக்கம். தமிழ்நாடு, கேரளம் இரண்டுக்கும் முதல் இலக்கம் 6 என்பதால் பிரிப்பவர் கண்ணுக்கும் சட்டென்று உறுத்தாது. நீங்கள் தரும் டிராக்கிங் எண்கள் பலவற்றுக்கு இந்த ஆபத்து இல்லை. வெளிநாட்டுத் தபாலின் 13 எழுத்து எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள 9 இலக்கங்களில் கடைசியானது சரிபார்ப்புக்கென்றே இருக்கிறது. ஓர் இலக்கத்தைத் தப்பாக அடித்தால் பெரும்பாலும் கணினி அங்கேயே பிடித்துவிடும். 1972 ஆகஸ்ட் 15-ல் வந்த நம் பின்கோடில் 6 இலக்கமும் இடத்தைச் சொல்லவே செலவாகிவிட்டன, காவலுக்கு ஒன்றும் மிச்சமில்லை. அந்தக் காவலை நீங்கள்தான் புக்கிங்கிலேயே போட வேண்டும். முகவரியில் உடன்குடி, பின்கோடில் கொச்சி என்றால் பெட்டியை வாங்கவே கூடாது. எந்தப் பின்கோடு எந்த ஊருக்கு என்ற பட்டியலை அரசே பொதுவில் வைத்திருக்கிறது.

அப்புறம் மூட்டை விஷயம். சீல் வைத்த மூட்டைக்குள் இருக்கும் பார்சலை வழியில் யாரும் தனித்தனியாக ஸ்கேன் செய்வதில்லை. மூட்டையின் பார்கோடைப் படித்ததும், உள்ளே இருப்பதாகப் பட்டியல் சொல்லும் அத்தனைக்கும் டிராக்கிங் பக்கத்தில் ஒரே வரி விழுந்துவிடுகிறது. கட்டும்போது என் பெட்டி பக்கத்து மூட்டையில் விழுந்திருந்தால், பெட்டி பெங்களூர் போய்க்கொண்டிருக்கும், டிராக்கிங் பக்கம் நெல்லை என்று சாதிக்கும். இறக்க மறந்த மூட்டை அடுத்த ஹப் (பார்சல் பிரிக்கும் மையம்) வரை போய்விடுவதும் உண்டு. இதெல்லாம் நடக்கத்தான் செய்யும். ராத்திரி இரண்டு மணிக்கு லாரிக்குப் பின்னால் நின்று மூட்டை தூக்குகிறவர்மேல் எனக்குக் கோபமே கிடையாது.

2023 டிசம்பரில் எங்கள் பகுதி வெள்ளத்தில் மூழ்கியது. பக்கத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே பயணிகளோடு நின்றுபோனது. அந்தச் சமயத்தில் பார்சல் தாமதம் என்று ஒருவர்கூட என்னிடம் சண்டை போடவில்லை. "நீங்க பத்திரமா இருக்கீங்களா?" என்றுதான் கேட்டார்கள். காரணம் டிவியில் தெரிந்தது. மற்ற நாட்களில் அவர்களுக்குக் கிடைப்பது "ஷிப்மென்ட் இன் டிரான்சிட்", அதாவது பார்சல் வழியில் இருக்கிறது என்ற வரி மட்டும்தான்.

நான் கேட்பது லாரியை நேர்வழியில் விடச் சொல்லி அல்ல. பெட்டி எந்தெந்த ஹப் வழியாகப் போகும் என்பது புக்கிங்கின்போதே உங்கள் கணினிக்குத் தெரியும். அதை அப்போதே காட்டுங்கள்: "உடன்குடி, தூத்துக்குடி, மதுரை, நாகர்கோவில்". மதுரை என்று வரும்போது யாரும் பதற மாட்டார்கள். அந்த வரிசையில் இல்லாத ஊரில் பெட்டி ஸ்கேன் ஆனால், "வழி தவறிவிட்டது, திருப்பி அனுப்புகிறோம்" என்று தமிழிலேயே போடுங்கள். மூட்டையை வைத்து ஊகித்த இடத்தையும் பெட்டியையே ஸ்கேன் செய்த இடத்தையும் வேறு வேறு நிறத்தில் காட்டினால் இன்னும் நல்லது. "வழி தவறிவிட்டது" என்று ஒப்புக்கொண்டால் பெயர் கெடும் என்று உங்கள் மேலதிகாரி சொல்லலாம். இப்போது கெடுவது என் பெயர் என்பதால் அவருக்கு அது தெரிவதில்லை.

ஐப்பசி மழைக்குமுன் செய்தால் உபகாரம். மழையில் கருப்பட்டி கசிந்து அட்டைப்பெட்டி நைந்துபோவது தனிக் கதை. அதற்கு உங்களைக் குறை சொல்ல மாட்டேன்.

இப்படிக்கு,
உடன்குடிக் கருப்பட்டி வியாபாரி